கருந்துளை ஆய்வில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

இயற்பியலில் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டுக் கருந்துளைகளைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறவர், எந்தப் பல்கலைக்கழகம், எந்த வழிகாட்டி என்று தேடத் தொடங்குவதற்கு முன்பே, எந்த முறையில் அவற்றை அணுகப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. நோக்கீட்டு ஆய்வில் இன்று நான்கு பெருவழிகள் இருக்கின்றன. கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களின் பாதையைப் பின்தொடர்வது ஒன்று. அதனுள் விழும் வளிமம் வெளியிடும் எக்ஸ் கதிரை அளப்பது இரண்டாவது. இரு கருந்துளைகள் மோதி இணையும்போது எழும் ஈர்ப்பலையைப் பதிவு செய்வது மூன்றாவது. உலகெங்கும் பரவிய ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அதன் நிழலைப் படமாக்குவது நான்காவது. நான்கிலும் கருவி வேறு, கணிதம் வேறு, பழக வேண்டிய மென்பொருளும் வேறு. ஒன்றில் ஐந்தாறு ஆண்டுகள் ஊறியவர் மற்றொன்றுக்கு மாறுவது எளிதன்று என்பதால், தொடக்கத்தில் செய்யும் இத்தேர்வு பெரும்பாலும் நெடுங்காலத்துக்கு நீடிக்கிறது. முழுக்கக் கோட்பாட்டுப் பக்கம் செல்ல விரும்புகிறவர்களுக்கான கேள்விகள் வேறு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கருந்துளை விஷயத்தில் அந்த அளவுகோலை இயற்கையே எளிதாக்கித் தந்திருக்கிறது. சுழலும் கருந்துளைக்கு ஐன்ஸ்டைன் சமன்பாடுகளிலிருந்து ராய் கெர் 1963ஆம் ஆண்டில் கண்ட தீர்வும் அதைத் தொடர்ந்து வந்த தேற்றங்களும் சொல்வதன்படி, சமநிலைக்கு வந்துவிட்ட கருந்துளை ஒன்றை முழுமையாக விவரிக்க நிறை, தற்சுழற்சி, மின்னூட்டம் ஆகிய மூன்று எண்கள் போதும். வானில் மின்னூட்டம் விரைவில் சமன்பட்டுவிடுவதால் நடைமுறையில் எஞ்சுவது முதல் இரண்டும்தான். ஆகவே எந்த வழியில் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: நிறையை எவ்வளவு நம்பகமாகத் தருகிறது, தற்சுழற்சியைத் தருகிறதா, அந்த இரண்டு எண்களும் சொல்லும் கெர் வடிவத்தோடு அந்தப் பொருள் உண்மையிலேயே ஒத்துப்போகிறதா என்று சோதிக்க இடமளிக்கிறதா. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். கருவி பதிவு செய்வதற்கும் ஆய்வுக்கட்டுரை அறிவிக்கும் எண்ணுக்கும் இடையில் எத்தனை அனுமானங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், நான்கு முறைகளின் தராதரமும் பெருமளவு தெளிந்துவிடும்.

அந்தக் கணக்கில் முதலிடம் சுற்றுப்பாதை முறைக்கே. இதன் வலிமையைக் காட்ட வி404 சிக்னி என்ற இரட்டையை (ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்களின் தொகுதியை) விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அதில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சாதாரண விண்மீன் மட்டுமே. அதன் நிறமாலைக் கோடுகள் சுமார் 6.5 நாள்களுக்கு ஒருமுறை நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகர்கின்றன. அந்த நகர்விலிருந்து, நம்மை நோக்கியும் நம்மிடமிருந்து விலகியும் அந்த விண்மீன் செல்லும் வேகத்தின் வீச்சு வினாடிக்கு ஏறத்தாழ 208 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. வேகத்தை மும்மடிப் பெருக்கமாக்கிச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியின் 2π மடங்கால் வகுத்தால் வரும் எண்ணை நிறைச் சார்பு என்பார்கள். வி404 சிக்னிக்கு அது சூரிய நிறையைப் போல் 6.08 மடங்கு என்று 1994இல் அறிவிக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, விண்மீனின் நிறை எவ்வளவு என்றோ, பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றோ, அந்த இரட்டை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றோ இதுவரை எங்கும் கேட்கவில்லை என்பதுதான். கண்ணுக்குத் தெரியாத துணையின் நிறை இந்த எண்ணுக்குக் கீழே இறங்கவே முடியாது; சாய்வையும் விண்மீனின் நிறையையும் சேர்க்கச் சேர்க்க அது கூடத்தான் செய்யும். கருந்துளைக்கு அடுத்தபடியாக மிக அடர்ந்த பொருளான நியூட்ரான் விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்கு மிகத் தாராளமாக மூன்று சூரிய நிறை என்று மேல் வரம்பு வைத்தாலும், ஆறு என்பது அதன் இரு மடங்கு. கெப்ளர் விதிக்கு மேல் எதையும் பயன்படுத்தாமல், ஒரு வேகத்தையும் ஒரு காலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, அது கருந்துளை என்று சொல்லிவிட முடிகிறது.

பால்வீதியின் மையத்தில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் என்ற பெருங்கருந்துளை விஷயத்திலும் இதே முறைதான், ஆனால் பாதை முழுவதையும் வானில் நேரடியாக வரைய முடிந்திருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. 2018 மே மாதத்தில் மிக அருகே வந்தபோது இடைவெளி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் ஏறத்தாழ 120 மடங்கு, வேகம் வினாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல். ரைன்ஹார்ட் கென்சல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோர் தலைமையில் இரு குழுக்கள் 1990களிலிருந்து தனித்தனியே இதைப் பின்தொடர்ந்து, ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை என்ற விடைக்கு வந்து சேர்ந்தன. இருவரும் 2020இல் ரோஜர் பென்ரோஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பாதையில் ஈர்ப்பால் ஒளியின் அலைநீளம் கூடும் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி 2018இலும், நீள்வட்டம் மெல்லத் திரும்பும் ஷ்வார்ட்ஸ்சில்ட் அயனச் சலனம் 2020இலும் காணப்பட்டன. இத்தனையும் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த முறையிலும் சறுக்கல்கள் உண்டு. அவை எங்கே வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது பயனுள்ளது. எல்பி-1 என்ற இரட்டையில் 70 சூரிய நிறை கொண்ட கருந்துளை இருப்பதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. துணையின் இயக்கத்தைக் காட்டுவதாகக் கருதப்பட்ட ஹைட்ரஜன் உமிழ்வுக் கோட்டின் சிறு அசைவு, மற்ற விண்மீனின் உட்கவர்வுக் கோடு அதன் மேல் படிந்ததால் ஏற்பட்ட தோற்றம் என்று சில மாதங்களிலேயே பிறர் காட்டினார்கள். எச்ஆர் 6819 என்ற தொகுதியில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,000 ஒளியாண்டுத் தொலைவில் கருந்துளை இருப்பதாக 2020இல் வந்த அறிவிப்பும் நிலைக்கவில்லை. 2022இல், பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைக்கும் குறுக்கீட்டுமானி கொண்டு பார்த்தபோது, வெளியடுக்கை இழந்த ஒரு விண்மீனும் அதை உறிஞ்சிக்கொண்ட மற்றொன்றும் அருகருகே சுற்றுவது தெரிந்தது, கருந்துளை இல்லை. இரண்டிலும் கெப்ளர் விதி தவறவில்லை. கண்ணுக்குத் தெரியும் விண்மீன் என்ன வகை, எவ்வளவு நிறை என்ற அனுமானம்தான் தவறியது. நிறைச் சார்பு தரும் கீழ்வரம்பே மூன்றைத் தாண்டாத இரட்டைகளில் இந்த அபாயம் எப்போதும் இருக்கிறது.

தொலைவும் ஒரு சிக்கல். சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளையின் நிறை ஏறத்தாழ 15 சூரிய நிறை என்று பத்தாண்டுக் காலம் எல்லோரும் மேற்கோள் காட்டிவந்தார்கள். ரேடியோ தொலைநோக்கிகளால் இடமாறு தோற்றத்தை மீண்டும் அளந்தபோது, தொலைவு சுமார் 6,100 ஒளியாண்டிலிருந்து 7,200 ஒளியாண்டாக உயர்ந்தது. அதன் விளைவாக 2021இல் நிறை 21 ஆகிவிட்டது. அங்கே துணை விண்மீன் மிகப் பெரியது, அதன் ஒளிர்வைக் கொண்டே அளவையும் நிறையையும் கணக்கிட வேண்டியிருப்பதால் தொலைவு உள்ளே நுழைந்துவிடுகிறது. வி404 சிக்னிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே நம்பகத்தோடு அச்சிடும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று.

விண்மீன்களின் இடத்தை மிகத் துல்லியமாக அளந்த கையா விண்கலம் இத்துறைக்குப் புது உயிர் கொடுத்திருக்கிறது. எக்ஸ் கதிர் எதுவும் வெளியிடாமல் உறங்கிக்கிடக்கும் கருந்துளைகளை, அவற்றின் துணை விண்மீன் வானில் தள்ளாடுவதைக் கொண்டே அதன் தரவு பிடித்துத் தருகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட கையா பிஎச்1 ஏறத்தாழ 1,560 ஒளியாண்டில், சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றை 186 நாள் சுற்றில் வைத்திருக்கிறது. அந்தக் கருந்துளையின் நிறை 9.6 சூரிய நிறை. நான்காம் தரவு வெளியீட்டுக்கான ஆயத்தப் பணியில் தென்பட்டு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பிஎச்3 ஏறத்தாழ 33 சூரிய நிறை கொண்டது. பால்வீதியில் விண்மீனிலிருந்து பிறந்த கருந்துளைகளில் இதுவரை தெரிந்தவற்றுள் இதுவே மிகக் கனமானது. வானில் பாதை முழுவதும் வரையப்படுவதால் சாய்வும் நேரடியாகக் கிடைத்துவிடுகிறது என்பது பழைய நிறமாலை முறைக்கு இல்லாத வசதி. சிறு குழுவாக, சில இரவுகள் தொலைநோக்கி நேரம் பெற்று, முழுக் கட்டுரையையும் மூன்று நான்கு பேர் எழுதி முடிக்கக்கூடிய துறை இன்று கருந்துளை நோக்கீட்டில் இது ஒன்றே என்று சொல்லலாம். ஆனால் தற்சுழற்சியைப் பற்றி இம்முறை எதுவும் சொல்லாது. விண்மீன்கள் சுற்றும் தொலைவில், சுழலும் கருந்துளைக்கும் சுழலாததற்கும் அளக்கத்தக்க வேறுபாடு இல்லை.

தற்சுழற்சி வேண்டுமென்றால், ஒளியும் திரும்பிவர முடியாத எல்லையான நிகழ்வெல்லைக்கு அருகே போக வேண்டும். எக்ஸ் கதிர் முறையின் கவர்ச்சி அதுதான். கருந்துளையைச் சுற்றும் வளிம வட்டு உள்ளே எதுவரை நீள முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் நிலையான வட்டப்பாதை கிடையாது, அங்கே வந்த வளிமம் நேரே உள்ளே விழுந்துவிடும். பத்து சூரிய நிறை கொண்ட, சுழலாத கருந்துளைக்கு அந்தக் கடைசிப் பாதையின் ஆரம் ஏறத்தாழ 89 கிலோமீட்டர். அதே நிறை உச்ச வேகத்தில் வட்டின் திசையிலேயே சுழன்றால் அது சுமார் 15 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆக, வட்டின் உள்விளிம்பை அளந்தால் தற்சுழற்சியை அளந்தது போலத்தான். அதற்கு இரண்டு பழகிய வழிகள் உள்ளன. வட்டின் வெப்ப ஒளியை நிறமாலையாக்கி, வெப்பநிலையும் ஒளிர்வும் சேர்ந்து சொல்லும் பரப்பளவிலிருந்து உள் ஆரத்தைக் காண்பது ஒன்று. வட்டில் பட்டுத் தெறிக்கும் எக்ஸ் கதிரில், 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையாக நிற்க வேண்டிய இரும்புக் கோடு, டாப்ளர் விளைவாலும் ஈர்ப்புச் செம்பெயர்ச்சியாலும் எவ்வளவு அகன்று ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று.

கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும் இந்த வழிகளின் உண்மை நிலையைக் காண ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். 1994இல் கண்டறியப்பட்ட இந்த எக்ஸ் கதிர் இரட்டையில் கருந்துளையின் நிறை ஐந்து ஆறு சூரிய நிறைக்குள் நன்றாகவே தெரியும். அதன் தற்சுழற்சியை, சுழியம் முதல் ஒன்று வரையிலான அளவில், வெப்ப நிறமாலை முறை 0.65க்கும் 0.75க்கும் இடையில் என்று தந்தது. இரும்புக் கோட்டு முறை 0.9ஐ ஒட்டி அல்லது அதற்கும் மேல் என்றது. எக்ஸ் கதிர் ஒளிர்வில் காணும் விரைவான துடிப்புகளை வட்டின் இயக்கத்தோடு பொருத்திப் பார்த்த மூன்றாவது முறை 2014இல் 0.29 என்ற விடையை மிகச் சிறிய பிழைவரம்போடு அறிவித்தது. கருந்துளை ஒன்றுதான், விடை மூன்று. ஒவ்வொன்றின் பிழைவரம்பும் மற்றவற்றைத் தொடவே இல்லை. இதில் எவருடைய கணக்கும் தவறு என்று பொருளில்லை. வெப்ப முறைக்கு நிறை, தொலைவு, சாய்வு மூன்றும் முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், வட்டின் வளிமண்டலம் ஒளியை எப்படித் திரிக்கிறது என்ற மாதிரியும் வேண்டும். இரும்புக் கோட்டு முறைக்கு நிறையும் தொலைவும் வேண்டாம், ஆனால் வட்டை ஒளியூட்டும் வெப்பமான வளிமத்தொகுதி எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்ற ஊகம் வேண்டும். துடிப்பு முறைக்கு, எந்தத் துடிப்பு எந்த இயக்கத்தால் எழுகிறது என்பதையே ஏற்றுக்கொண்டாக வேண்டும். அச்சிடப்படும் பிழைவரம்பு, அந்த ஊகங்கள் சரியானவை என்று கொண்டால் மட்டுமே பொருந்தும் பிழைவரம்பு.

இதைச் சொல்வதால் எக்ஸ் கதிர் வழியை ஒதுக்க வேண்டும் என்று ஆகாது. கருந்துளைக்கு மிக அருகே, ஈர்ப்பும் காந்தப்புலமும் கதிர்வீச்சும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில் பருப்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய இதற்கு ஈடில்லை. சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், நூஸ்டார், நைசர், ஆஸ்ட்ரோசாட் என்று பல விண்கலங்களின் பதிவுகள் பொதுக் காப்பகங்களில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கின்றன. எக்ஸ்ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளும் உண்டு. ஒரு சாதாரண மடிக்கணினியில் முதல் வாரத்திலேயே நிறமாலை ஒன்றைப் பொருத்திப் பார்த்துவிடலாம். ஆனால் பொருந்திவிட்டது என்பதற்கும் புரிந்துவிட்டது என்பதற்கும் உள்ள இடைவெளி இத்துறையில்தான் மிக அகலம். பொருத்தத்தின் புள்ளியியல் மதிப்பு நன்றாக வந்ததும் நிறைவடைந்துவிடுகிற இயல்புள்ளவர், தயவுசெய்து இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

ஈர்ப்பலை முறை இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடுகிறது. வளிமமும் இல்லை, வட்டும் இல்லை, வெறும் கால-வெளி வடிவியல் மட்டுமே. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் உள்ள லைகோ ஈர்ப்பலைக் காணகத்தின் இரு கருவிகளும் ஏழு மில்லிவினாடி இடைவெளியில் பதிவு செய்த ஜிடபிள்யூ150914 சமிக்ஞை வெறும் 0.2 வினாடிதான் நீடித்தது. அதற்குள் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. நான்கு கிலோமீட்டர் நீளக் கரத்தில் ஏற்பட்ட மாற்றமோ ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு. அதிர்வெண் எவ்வளவு, அது எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்ற இரண்டையும் அறிந்தால், இரு பொருள்களின் நிறைகளும் கலந்த ஒரு கூட்டெண் நேரடியாகக் கிடைக்கிறது. மேசையில் தாளை வைத்துக்கொண்டு, பொதுவெளியில் உள்ள பதிவின் பூச்சியக் கடப்புகளை எண்ணியே ஒரு மாணவர் அதை ஏறத்தாழ 30 சூரிய நிறை என்று கணக்கிட்டுவிட முடியும். முழு அலைவடிவத்தையும் பொருத்தியபோது 36, 29 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து 62 ஆனதும், எஞ்சிய மூன்று சூரிய நிறை அலையாகப் பரவிப்போனதும் தெரிந்தது. அனுமானங்களின் எண்ணிக்கையில் இது வி404 சிக்னிக்கு அருகே வருகிறது. அனுமானங்களின் தரத்தில் அதையும் மிஞ்சுகிறது, ஏனெனில் இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டியது பொதுச் சார்பியலை மட்டுமே.

குறைகளும் இருக்கின்றன. அண்டம் விரிவதால் அதிர்வெண் குறைந்தே நம்மை வந்தடைகிறது. கருவி காட்டும் நிறை உண்மை நிறையைவிடச் சற்றுக் கூடுதல், ஜிடபிள்யூ150914க்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. அதைத் திருத்தத் தொலைவு வேண்டும். தொலைவோ, சுற்றுத்தளம் நம்மை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதோடு பிணைந்து கிடக்கிறது. அருகிலுள்ள சாய்ந்த இரட்டையும் தொலைவிலுள்ள நேர்முக இரட்டையும் ஒரே உயரமுள்ள அலையைத் தரக்கூடும். தற்சுழற்சியிலும், இரு கருந்துளைகளின் சுழற்சிகளும் சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாக எவ்வளவு என்ற ஒரு கூட்டுச் சராசரிதான் நன்றாகக் கிடைக்கிறது, ஒவ்வொன்றின் சுழற்சியும் தனித்தனியாகப் பெரும்பாலும் மங்கலாகவே தெரிகிறது. எல்லாவற்றையும்விட, மோதல் முடிந்துபோன பிறகு மறுபடி பார்க்க எதுவும் இல்லை. 85, 66 சூரிய நிறைகள் இணைந்து 142 ஆனதாகச் சொல்லப்படும் ஜிடபிள்யூ190521, கருவியின் கேள்வரம்பில் நான்கைந்து சுழற்சிகளே காட்டியது. விண்மீன் வெடிப்பில் பிறக்கவே இயலாது என்று கருதப்படும் நிறை வரம்பில் அந்த 85 விழுவதால், அது நீள்வட்டப் பாதையில் நிகழ்ந்த மோதலா, வேறேதுமா என்று வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு விளக்கங்கள் தந்தன. மேலும் சில சுழற்சிகள் கிடைத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு அது. சிக்னஸ் எக்ஸ்-1 போல அடுத்த வாரம் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு இங்கே இல்லை.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது கெர் வடிவத்தைச் சோதிப்பதற்கு, ஈர்ப்பலை முறைக்கு நிகர் எதுவும் இப்போதைக்கு இல்லை என்பது என் கருத்து. குலைந்த கருந்துளை ஒன்று தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிர்ந்து தணியும் என்று சி. வி. விஸ்வேஸ்வரா 1970இல் காட்டினார். அந்த அதிர்வெண்ணையும் தணியும் காலத்தையும் நிறையும் தற்சுழற்சியும் மட்டுமே முடிவு செய்கின்றன. ஆகவே இரண்டு அதிர்வுகளை அளந்துவிட்டால், ஒன்றிலிருந்து நிறையையும் சுழற்சியையும் கண்டு மற்றதை முன்கூட்டியே சொல்லிச் சரிபார்க்கலாம். 2025 ஜனவரி 14 அன்று பதிவான ஜிடபிள்யூ250114, முதல் நிகழ்வைப் போலவே முப்பதை ஒட்டிய நிறைகள் கொண்டது. ஆனால் கருவிகள் இடைப்பட்ட பத்தாண்டில் மேம்பட்டிருந்ததால் இரைச்சலைவிட ஏறத்தாழ 80 மடங்கு ஓங்கி ஒலித்தது. மோதலுக்கு முன்பு இரண்டின் நிகழ்வெல்லைகளும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், பின்பு ஒன்றாகிச் சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர் என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். மொத்தப் பரப்பு குறையவே முடியாது என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1971இல் நிறுவியதை இவ்வளவு தெளிவாகச் சோதிக்க முந்தைய எந்த நிகழ்வும் இடம் தந்ததில்லை.

நிழற்படம் எடுக்கும் வழி மக்களிடம் பெற்ற புகழுக்கு ஏற்ற அளவில் மாணவருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பூமியின் விட்டமே தொலைநோக்கியின் விட்டம் என்று கொண்டாலும், 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறு கோணம் ஏறத்தாழ 20 மைக்ரோ விகலை (விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு, மைக்ரோ விகலை அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையைச் சுற்றித் தெரியும் ஒளி வளையம் 42 மைக்ரோ விகலை. நம் பால்வீதி மையத்தினுடையது 52. மூன்றாவதாக இவற்றுக்கு ஈடான கோண அளவுள்ள கருந்துளை எதுவும் நமக்குத் தெரியாது. இரண்டே பொருள்கள் கொண்ட துறை என்றுதான் இதை இப்போதைக்குப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் எட்டு தொலைநோக்கிகள் பதிவு செய்த தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரியது. வன்தட்டுகளை விமானத்தில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள், தென்துருவத்தில் இருந்தவை குளிர்காலம் முடியும்வரை காத்துக்கிடந்தன. எம்87இன் படம் 2019 ஏப்ரல் 10 அன்றும், சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டாரின் படம் 2022 மே 12 அன்றும் வெளியாயின. இரண்டாவதற்கு மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்ததற்கு இயற்பியலே காரணம். எம்87 கருந்துளை 650 கோடி சூரிய நிறை கொண்டதால் அதைச் சுற்றும் வளிமத்தின் தோற்றம் மாற நாள்கள் ஆகும். நம் மையத்தில் உள்ளது ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது என்பதால், ஓரிரவு நோக்கீடு முடிவதற்குள்ளேயே படம் பலமுறை மாறிவிடுகிறது.

இம்முறை தந்த மிகச் சிறந்த பயன் எம்87இன் நிறை குறித்த பழைய வழக்கைத் தீர்த்து வைத்தது. மையத்தைச் சுற்றும் விண்மீன்களின் வேகத்தைக் கொண்டு 2011இல் கிடைத்த விடை ஏறத்தாழ 660 கோடி; வளிமத்தின் வேகத்தைக் கொண்டு 2013இல் கிடைத்தது 350 கோடி. நிழலின் விட்டம் நிகழ்வெல்லையின் விட்டத்தைப் போல் சுமார் 2.6 மடங்கு இருக்கும் என்ற சார்பியல் கணக்கின்படி, 42 மைக்ரோ விகலை வளையம் விண்மீன் விடையின் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதே கணக்கு, சுழற்சி எவ்வளவு மாறினாலும் நிழலின் அளவு சில விழுக்காட்டுக்கு மேல் மாறாது என்றும் சொல்கிறது. நிறையை அளக்க அது வரம், சுழற்சியை அளக்க அதுவே தடை. ஒளி முனைவாக்கத்தைக் கொண்டு 2021இல் காந்தப்புலத்தின் அமைப்பை வரைய முடிந்தது என்பதால், கருந்துளையின் அருகிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரைகள் எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்வியில் ஆர்வமுள்ளவருக்கு இங்கே வேலை இருக்கிறது. மற்றபடி, குறுக்கீட்டுமானக் கணிதத்திலும் பட மீட்பு வழிமுறைகளிலும் உள்ளூர விருப்பம் இருந்தால் மட்டுமே வரலாம். அத்திறன் பிற ரேடியோ வானியலிலும் பயன்படும் என்பதால் வீணாகாது.

முறைகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும்போது தற்சுழற்சியில்தான் பெரிய முரண் தெரிகிறது. எக்ஸ் கதிர் இரட்டைகளில் பல கருந்துளைகள் ஏறத்தாழ உச்ச வேகத்தில் சுழல்வதாக அளக்கப்படுகின்றன. சிக்னஸ் எக்ஸ்-1க்கு 0.95க்கும் மேல் என்பார்கள். ஈர்ப்பலையில் பதிவான 200க்கும் மேற்பட்ட இணைவுகளில் பெரும்பான்மையானவற்றில் சுழற்சி குறைவு. இரண்டும் வேறு வேறு வழியில் பிறந்த கூட்டங்களாக இருக்கலாம், எக்ஸ் கதிர் மாதிரிகளில் இன்னும் பிடிபடாத ஒருபக்கப் பிழை இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். இந்தக் கேள்வியை ஆய்வுத் தலைப்பாக எடுக்க விரும்புகிறவர் ஒரு முறையில் மட்டும் தேர்ச்சி பெற்றால் போதாது.

நடைமுறைச் சங்கதிகளிலும் வேறுபாடு பெரிது. லைகோவின் முதல் கண்டுபிடிப்புக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருந்தன. நிழற்படக் குழுவும் 2019இலேயே 200 பேரைத் தாண்டியது. அத்தகைய கூட்டமைப்பில் ஒரு மாணவரின் பங்கு பெரும்பாலும் ஒரு இரைச்சல் மூலத்தை அடையாளம் காண்பதாகவோ, பகுப்பாய்வின் ஒரு துண்டாகவோ இருக்கும். அதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை, ஆனால் தன் பெயர் முதலில் வர வேண்டும், கேள்வியைத் தானே கேட்க வேண்டும் என்ற உந்துதல் உள்ளவருக்கு அது நாளடைவில் சலிப்பைத் தரும். லைகோ கூட்டமைப்பு தன் தரவை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு திறந்த மையம் வழியாக வெளியிட்டுவிடுகிறது, எனவே வெளியே நின்றும் நல்ல வேலை செய்த சிறு குழுக்கள் உண்டு. அலைவடிவப் பொருத்தத்துக்குத் தேவைப்படும் கணினி வலிமையை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஈர்ப்பலையை விண்வெளியிலேயே பதிவு செய்வதற்கான, ஒவ்வொரு கரமும் 25 லட்சம் கிலோமீட்டர் நீளம் கொண்ட லிசா விண்கலக் கூட்டம் 2030களின் நடுவில்தான் ஏவப்படும். அதற்கான பகுப்பாய்வு முறைகளை இப்போதே எழுதுகிறவர்களுக்கு, உண்மைத் தரவைப் பார்க்கப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கும் மனம் வேண்டும். சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களான பல்சர்களின் துடிப்பு நேரத்தைக் கொண்டு 2023 ஜூனில் பல குழுக்கள் ஒருமித்து அறிவித்த நானோஹெர்ட்ஸ் பின்னணி ஈர்ப்பலையும், தனித்து அலையும் கருந்துளை ஒன்றை நுண்வில்லை விளைவால் (அதன் ஈர்ப்பு பின்னால் உள்ள விண்மீனின் ஒளியை வளைப்பதால்) 2022இல் கண்டதும் கிளைவழிகள். இரண்டிலும் ஆள் குறைவு, இடம் இருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் பரிந்துரை ஆளுக்கு ஏற்ப மாறும் என்றாலும் நடுநிலையாக நிற்கவில்லை. பொதுச் சார்பியலையே சோதிக்க வேண்டும் என்ற வேட்கையோடு வருகிறவர் ஈர்ப்பலையைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. கருந்துளைகள் எத்தனை, எங்கே, என்ன நிறையில் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பில் ஆர்வமுள்ளவர், அதிலும் கூட்டத்தில் கரைந்துபோக விரும்பாதவர், கையா தரவோடு நிறமாலை நோக்கீட்டைச் சேர்த்துச் செய்யும் குழுவைத் தேடிப் போகலாம். முதல் கருந்துளை அறிவிப்புக்கு அவசரப்படாத வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கருந்துளையைவிட அதைச் சுற்றி நடக்கும் குழப்பமே ஒருவரை ஈர்க்கிறது என்றால் எக்ஸ் கதிர்தான் வீடு. அங்கே ஒரு குறிப்பிட்ட இரட்டையின் தற்சுழற்சியை அளப்பது என்ற தலைப்பு முன்வைக்கப்பட்டால், அதே பொருளுக்கு வெப்ப நிறமாலை, இரும்புக் கோடு இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் செய்ய அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த முரணையும் அப்படியே எழுத இடம் தருவார்களா என்பதும் அதே உரையாடலில் தெரிந்துவிடும். இல்லை என்று பதில் வந்தால் வேறு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.